காலுக்குச் சொந்தக்காரன்

1934 ஆகஸ்டு 6, திங்கள்

காலை ஆறு மணிக்கு எழுந்தேன். வானம் மூட்டம் போட்டிருந்தது, மழை இல்லை.

இருபத்தெட்டு வருஷம் அம்மை குத்துகிற உத்தியோகம். எந்த ஊர், எத்தனை பேர், எத்தனை பேருக்குப் பலித்தது என்று அன்றன்றைக்கு எழுதித் தாலுகா போர்டுக்கு அனுப்ப வேண்டும். ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகிறது. இப்போது அனுப்ப இடமில்லை, ஆனால் கை எழுதாமல் இருக்க மாட்டேன் என்கிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். தாலுகா போர்டுப் பழக்கமும் அப்படித்தான் போலிருக்கிறது.

இன்றைய சங்கதி என் இடது கால் பெருவிரல். புதுச் செருப்பு கடித்த புண், மூன்று வாரமாக ஆறவில்லை. மகன் நாச்சியப்பன் டாக்டரைக் கூட்டி வந்தான். டாக்டர் என் காலைப் பார்த்தார், விரலை அமுக்கினார், முந்தாநாள் வாங்கிப்போன மூத்திரத்தின் சோதனை முடிவைச் சொல்ல வாயைத் திறப்பார் என்று நினைத்தேன். திறக்கவில்லை. நாச்சியப்பனைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் அவனிடம் இங்கிலீஷில் பேசினார். எனக்கும் ஒரு பாரா அளவுக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனால் மருமகள் சாலா அந்த நேரம் பார்த்து வாளியை உருட்டினாள். 'சுகர்' என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது.

"என்னப்பா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லைய்யா. மருந்து போட்டாச் சரியாப் போகும்னாரு."

ஒன்றுமில்லாததைச் சொல்ல ஒரு மனுஷனுக்குக் கால்மணி நேரமா ஆகும்?

இன்னொன்று. என் மனைவி அம்மாக்கண்ணுவுக்குக் கண்ணில் புரை கூடிவிட்டது. இன்று அரிசியில் கல் பொறுக்கும்போது விரலால் தடவித் தடவித்தான் எடுத்தாள். தை பிறந்ததும் மதுரைக்குக் கூட்டிப்போய்ப் புரையை எடுத்துவிடுவது என்று முடிவு செய்து நாச்சியப்பனிடமும் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்டு 9, வியாழன்

இலையில் சோறு இல்லை, கேப்பைக் களி. ஏன் என்றால், "அவுக சொன்னாக மாமா" என்கிறாள் சாலா. எவுக? அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள். வெல்லப் பானையையும் காணோம்.

ஆகஸ்டு 10, வெள்ளி

களி.

ஆகஸ்டு 13, திங்கள்

பெருவிரல் கறுத்துவிட்டது. பக்கத்து விரலும் நிறம் மாறியிருக்கிறது. வலி அதிகமில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வலிக்க வேண்டியது வலிக்காமல் இருந்தால் அது நல்லதற்கு இல்லை.

நான் உள்ளே போனால் பேச்சு நிற்கிறது. வெளியே வந்தால் மறுபடி கிளம்புகிறது. இன்று மத்தியானம் மூவரும் மாட்டுவண்டியில் பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டு வந்தார்கள். சதுர்த்தி இல்லை, வெள்ளிக்கிழமையும் இல்லை. என்ன விசேஷம் என்றேன். "சும்மாதான் மாமா" என்று விபூதியை நீட்டினாள் சாலா. அவள் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலம் விழுந்தது. பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு சிவப்பு அரளி.

எனக்குத் தெரியாதா? பூக்கட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு, பிள்ளையார் முன்னால் வைத்து ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது நானும்தான் செய்திருக்கிறேன். இப்போது இந்த வீட்டில் கல்யாணத்துக்கு யாரும் இல்லை.

அப்படியானால் எதைக் கேட்டார்கள்?

ஆகஸ்டு 14, செவ்வாய்

அம்மாக்கண்ணுவிடம் கேட்டேன். அவளுக்குப் பொய் சொல்ல வராது. வந்தாலும் பாதியில் அழுதுவிடுவாள். இன்றும் அழுதாள்.

சர்க்கரை வியாதியாம். புண் அழுகத் தொடங்கிவிட்டதாம். "ரெண்டு வெரல எடுக்கணும்னாராம் டாக்டரு. இப்பவே எடுத்தா ரெண்டு வெரலோட போகும், விட்டா மேல ஏறும்னாராம்."

"எப்பச் சொன்னாரு?"

"போன திங்கக்கெழமை."

எட்டு நாள்! எட்டு நாளாக என் விரல் சாகிறது, எனக்குச் சொல்லவில்லை. ஏன் என்றால் நான் பயந்துவிடுவேனாம். யார்? நானா? காலராவுக்குப் பயந்து ஊரே ஓடினபோது தனியாக ஊருக்குள் போனவன். (பயம் இருக்கிறது. இந்த நோட்டில் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.)

நாச்சியப்பன் வெட்டலாம் என்கிறான். அம்மாக்கண்ணு கூடாது என்கிறாள். சண்டை தீரவில்லை. அதனால் பிள்ளையாரிடம் போயிருக்கிறார்கள். வெள்ளை வந்தால் வெட்டுவது, சிவப்பு வந்தால் விட்டுவிடுவது. சிவப்பு வந்தது. நாச்சியப்பன் ஒப்பவில்லை, வெள்ளிக்கிழமை மறுபடி கட்டிப் பார்க்கப் போகிறானாம்.

டாக்டரைக் கேட்டாயிற்று. பினாங்கில் இருக்கும் மச்சினனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டாயிற்றாம். பிள்ளையாரைக் கேட்டாயிற்று. பொட்டலத்தை எடுத்த பச்சைக் குழந்தையைக்கூடக் கேட்டாயிற்று. கால் என் உடம்பில்தானே இருக்கிறது? நான் என்ன, அதைச் சுமந்து திரிகிற வண்டியா?

ஆகஸ்டு 15, புதன்

வெட்டவிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு விரல்கூடக் கிடையாது. டாக்டர் இந்த வாசல் மிதிக்கக்கூடாது. நாச்சியப்பன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"உங்க நல்லதுக்குத்தானேய்யா சொல்றோம்."

அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. ஏன் அவ்வளவு கோபம் என்று அப்போது தெரியவில்லை. இப்போது எழுதும்போது தெரிகிறது. அது என்னுடைய வாக்கியம். இருபத்தெட்டு வருஷமாக நான் சொன்ன வாக்கியம். 'உங்க நல்லதுக்குத்தான், கையை நீட்டு.' நீட்டாவிட்டால் தலையாரி பிடித்துக்கொள்வான், நான் குத்திவிடுவேன். அதற்குமேல் பேச்சு வளர்த்ததில்லை. நாளுக்கு அறுபது பேருக்குக் குத்த வேண்டும். அறுபது பேரையும் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா?

ராக்காயி ஞாபகம் வந்தாள்.

1911. கோவிலூருக்கு அங்குட்டு ஒரு சிற்றூர். அம்மை வந்து எல்லைக்கு வெளியே நிற்கிறது. ராக்காயி என்கிற பெண் மாட்டேன் என்று நின்றாள். என்னமோ சொல்ல வந்தாள். யார் காதில் வாங்கினார்கள்? தலையாரி இரண்டு கையையும் பிடித்தான், நான் குத்தினேன். குத்தி முடிப்பதற்குள் என் வலது மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். பல் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. "பாவி, ஒரு வார்த்தை கேட்டியாடா?" என்று கத்தினாள்.

அந்த மாதம் அந்த ஊரில் குத்திக்கொள்ளாதவர்களில் ஒன்பது பேர் செத்தார்கள். ராக்காயி பிழைத்தாள். இந்தக் கதையை நான் எத்தனை கல்யாண வீட்டில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்! கடித்தவளைப் பிழைக்க வைத்தேன் என்று.

ஆகஸ்டு 17, வெள்ளி

இரண்டாம் தடவை பூக்கட்டினார்கள். இந்தத் தடவை வெள்ளை வந்ததாம்.

ஆக, ஒன்றுக்கு ஒன்று. பிள்ளையாரும் எனக்கென்ன வம்பு என்று ஒதுங்கிக்கொண்டார்.

ஆகஸ்டு 18, சனி

காலில் நாற்றம். சாலா சாம்பிராணி போட்டாள். எதற்கென்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகஸ்டு 20, திங்கள்

சந்தை நாள். ராக்காயி இன்னும் திங்கட்கிழமை தோறும் காரைக்குடிச் சந்தைக்குப் புளி கொண்டு வருகிறாள் என்று வண்டிக்காரன் பெரியகருப்பன் எப்போதோ சொல்லியிருந்தான். அவனை வண்டி பூட்டச் சொன்னேன். இந்தக் காலோடா என்று அம்மாக்கண்ணு வாசல்வரை வந்தாள். எதற்குப் போகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கப் போகவில்லை, அது நிச்சயம். பிழைத்தவள் வாயால் 'நல்லதுதான் செஞ்சீக' என்று ஒரு வார்த்தை வாங்கிவிடலாம் என்று போயிருப்பேன்.

சாக்கை விரித்துப் புளியைக் குவித்து உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. வண்டியில் இருந்தபடியே இன்னார் என்று சொன்னேன். முகத்தைப் பார்த்தாள், தெரியவில்லை. "கையக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். மணிக்கட்டைத் திருப்பித் தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஆமா, ஏம் பல்லுதேன். இப்ப அந்தப் பல்லுல ஒண்ணுகூட இல்ல" என்று பொக்கை வாயைத் திறந்து காட்டினாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கேட்டேன்: "அன்னைக்கி நான் குத்தலைன்னா நீ செத்துப்போயிருப்பியா இல்லையா?"

"செத்திருப்பேன். யாரு இல்லேன்னா? பொழச்சேன், மூணு புள்ள பெத்தேன். அது வேற, இது வேற."

"எது வேற?"

"அன்னைக்கி ஏங் கையில காப்பு கட்டியிருந்துச்சு. மாரியாத்தாளுக்குப் பால்குடம் எடுக்கக் கட்டுன காப்பு. காப்பு கட்டுன ஒடம்புல இரும்பு படலாமா? மறுநா காலையில கோயில்ல அவுத்துருவாக. அதைத்தேன் சொல்ல வந்தேன். நீங்க கேட்டாத்தானே? ஒரு வார்த்த கேட்டிருந்தா, நாளைக்கி வாங்க, குத்திக்கிறேன்னுருப்பேன்."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"அந்த வருசம் பால்குடம் எடுக்க விடலை என்னைய. தீட்டுப் பட்டுப்போச்சுன்னுட்டாக. ஏம் மாமியா சாகுற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லியே ஏசுனா." புளியைக் கையால் ஒதுக்கினாள். "அது கெடக்கட்டும். இப்ப காலுக்கு என்னா? துணி சுத்தியிருக்கு?"

சொன்னேன். வெட்ட வேண்டும் என்கிறார்கள், மாட்டேன் என்றுவிட்டேன் என்றேன்.

"ஏன் மாட்டேன்னீக?"

"என்னைக் கேக்கலை."

"சரி, இப்பக் கேக்குறேன். என்னா செய்யப் போறீக?"

சத்தியமாக அதை நான் யோசித்திருக்கவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று ஒரு வாரம் குதித்தேன். நானாவது என்னைக் கேட்டேனா? கோபம்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது பெரியகருப்பன் வண்டியை மெதுவாக ஓட்டினான். 1911-இல் அந்த ஊருக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று ஊர்கள் இருந்தன. மறுநாள் எப்படியும் அந்தப் பக்கம்தான் போனேன். ஒரு நாள் பொறுத்திருக்கலாம். ராக்காயி பிழைத்திருப்பாள், பால்குடமும் எடுத்திருப்பாள்.

ஆகஸ்டு 21, செவ்வாய்

நானே ஆள் அனுப்பி டாக்டரை வரவழைத்தேன். வந்தவர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார், முகம் மாறியது, பழையபடி நாச்சியப்பன் பக்கம் திரும்பி இங்கிலீஷைத் தொடங்கினார்.

"டாக்டர், கால் இங்குட்டு இருக்கு" என்றேன்.

நாச்சியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை. வழக்கம் அப்படி. நான் மட்டும் என்ன யோக்கியம்?

எவ்வளவு எடுக்க வேண்டும் என்றேன். பதினைந்து நாளைக்கு முன்னால் இரண்டு விரல், இப்போது முழங்காலுக்குக் கீழே என்றார். எடுக்காவிட்டால்? "பத்து நாள். அதுக்கு மேலே நான் சொல்ல மாட்டேன்." எடுத்தால் பிழைப்பேனா? அவர் நாச்சியப்பனைப் பார்க்கப் போனார், பிறகு என்னைப் பார்த்தார். "இந்த வயசுல, இந்த வியாதியோட, பத்துப் பேர்ல ஆறு பேர் பிழைக்கிறாங்க. மதுரையில இன்சுலின்னு ஒரு ஊசி இருக்கு. அது உதவும்."

பத்துக்கு ஆறு. கேட்டதும் பயம் குறைந்தது. இது விசித்திரம்தான். தெரியாமல் இருந்தபோது அது பத்துக்குப் பூஜ்யமாக இருந்தது.

கணக்குப் பார்த்தேன். விரலோடு போக வேண்டியது முழங்கால்வரை ஏறியது யாரால்? அவர்கள் மறைத்தது எட்டு நாள். நான் முறுக்கிக்கொண்டது ஏழு நாள். பங்கு சரிபாதி. அவர்களை மட்டும் திட்ட எனக்கு வாய் இல்லை.

கடைசியாக ஒன்று கேட்டேன். "எடுத்த காலை எங்க போடுவீக?"

டாக்டர் திடுக்கிட்டார். "ஆஸ்பத்திரியில ஏதாவது ஏற்பாடு இருக்கும்" என்றார். அந்த 'ஏதாவது' எனக்குப் பிடிக்கவில்லை. நாற்பது ஊர் நடந்த கால். மணலிலும் முள்ளிலும் கண்மாய்ச் சேற்றிலும் என்னைத் தூக்கிக்கொண்டு போன கால். அதைக் கட்டுத்துணியோடும் பஞ்சோடும் சேர்த்து வீசினார்கள் என்றால் நான் பிழைத்தாலும் எனக்கு ஆறாது. முதல் நாளிலிருந்து மனசுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது இதுதான் என்று வாயால் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"நம்ம ஆள் ஒருத்தன் கூட வருவான். காலை அவன் கையில கொடுத்துரணும். மண்ணுல புதைக்கணும். அதுக்கு நீங்க கடிதம் கொடுத்தா, வாரேன்."

"என்கிட்ட இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்லை" என்றார் டாக்டர்.

நீங்களும் யாரையும் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. எழுதித் தருகிறேன் என்றார்.

ஒரு நாள் அவகாசம் கேட்டேன். "நாளை மறுநாள் மதுரையில இருக்கணும், அதுக்கு மேலே தாங்காது" என்றார். போதும்.

ஆகஸ்டு 22, புதன்

காலையில் நாச்சியப்பன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். வேலைக்குப் போகவில்லை. ரொம்ப நேரம் பாயைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

"ஒங்ககிட்ட எப்புடிய்யா சொல்றது? நெதமும் சொல்லணும்னுதான் உள்ள வருவேன். மொகத்தப் பாத்தா வாய் வரமாட்டேங்குது."

அவனுக்கு முப்பத்தெட்டு வயது. காது ஓரம் நரைத்திருக்கிறது. அழுதான். என் முன்னால் அவன் கடைசியாக அழுதது அவனுக்கு நான் அம்மை குத்திய அன்று. அன்றைக்கு அதட்டினேன். இன்று அதட்டவில்லை.

சாயங்காலம் அம்மாக்கண்ணு கேட்டாள். "என்ன முடிவு பண்ணியிருக்கீக?"

"போறேன். நீ என்ன சொல்றே?"

"எனக்கு வேணாமுன்னுதான் இருக்கு. ரெண்டாந் தடவ பூக்கட்டுனப்பவும் செவப்பே வரணும்னு வேண்டிக்கிட்டேன்." மூக்கைச் சிந்தினாள். "ஆனா காலு ஒங்களுது. போறதுன்னா நானும் வருவேன்."

பெரியகருப்பனிடம் நம் கொல்லையிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துத் துணியில் முடிந்துகொள்ளச் சொன்னேன். எதற்கென்று சொன்னேன். அவன் கொஞ்சமும் சிரிக்கவில்லை.

ஆகஸ்டு 23, வியாழன். மதுரை

ரயிலில் படுக்க வைத்துக் கொண்டு வந்தார்கள். இங்கே கட்டில் உயரம்.

சம்மதக் காகிதம் வந்தது. குமாஸ்தா நேரே நாச்சியப்பனிடம் நீட்டினார். அவன் பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றி, என்னிடம் கொடுத்தான். படித்துப் பார்த்தேன், இரண்டு தடவை. 'பூமிநாதன், அம்மை குத்துபவர், ஓய்வு' என்று உத்தியோகத்தோடு கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்டு 24, வெள்ளி

விடிந்ததும் ஒரு நர்ஸ் ஊசியோடு வந்தாள். சின்ன வயது.

"எந்தக் கையில போடட்டும் தாத்தா?" என்றாள்.

இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் கை! இந்த ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிஷம்கூட ஆகாது. எழுதக் கை வேண்டும் என்று இடது கையைக் காட்டினேன்.

பத்து மணிக்கு அழைத்துப் போவார்களாம். நோட்டை அம்மாக்கண்ணுவிடம் கொடுக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பத்திரமாக வைத்திருப்பாள்.

செப்டம்பர் 12, புதன். மதுரை

பிழைத்தேன்.

நடுவில் பத்து நாள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. காய்ச்சலில் ஊர் ஊராகப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தேனாம். இன்றுதான் பென்சில் பிடிக்க முடிகிறது.

பெரியகருப்பன் ஊருக்குத் திரும்புவதற்கு முன் வந்து விவரம் சொல்லிப் போனதை அம்மாக்கண்ணு சொன்னாள். டாக்டரின் கடிதத்தைக் காட்டி வாங்கிக்கொண்டு போய், ஆற்றங்கரைச் சுடுகாட்டு ஓரத்தில் அனுமதி கேட்டுப் புதைத்தானாம். குழி தோண்டிய பிறகு அவனுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டதாம். ஆளாக இருந்தால் தலை தெற்கே. காலுக்குத் தலை ஏது? வெட்டியானோடு கலந்து பேசி, "கட்டை விரலு வடக்க பாத்தாப்புல வச்சோம் ஆச்சா, முழு ஆளு படுத்தாலும் அப்புடித்தானே இருக்கும்" என்றானாம். நம் கொல்லை மண்ணைப் போட்டானாம். மறுநாள் போய்ப் பாலும் ஊற்றிவிட்டு வந்தானாம்.

வயிறு குலுங்கச் சிரித்தேன். தையல் போட்ட இடம் வலித்தது. பிறகு அழுகை வந்தது, அதையும் நிறுத்தவில்லை. என் சாவில் கால்வாசிக்கு நல்லடக்கம் ஆகிவிட்டது. அதுவும் நான் சொன்ன மாதிரி.

அக்டோபர் 9, செவ்வாய். காரைக்குடி

வீடு. தச்சர் கவைக்கம்பு செய்து கொடுத்திருக்கிறார். கக்கத்தில் இடிக்கிறது. இல்லாத பெருவிரல் அரிக்கிறது. எங்கே சொறிவது?

நவம்பர் 5, திங்கள்

பெரியகருப்பன் வண்டியில் சந்தைக்குப் போனேன். ராக்காயி காலைப் பார்த்தாள். "யாரு முடிவு?" என்றாள். "ஏம் முடிவு" என்றேன். ஒரு வீசை புளியை அள்ளி வண்டியில் வைத்துவிட்டாள். அந்த வருஷத்துப் பால்குடத்தைப் பற்றிச் சொல்லத்தான் போனேன். "நான் கேட்டிருக்கணும் ஆத்தா" என்றேன். "ஆமா, கேட்டிருக்கணும்" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவள் சொல்லவும் வேண்டியதில்லை.

1935 ஜனவரி 22, செவ்வாய்

பொங்கல் முடிந்து எட்டு நாள். வெயில் இதமாக இருக்கிறது. கவைக்கம்போடு கிணற்றடிவரை போய்வந்தேன்.

நாச்சியப்பன் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தான். மதுரையில் கண் டாக்டரைப் பார்த்துப் பேசிவிட்டானாம். அடுத்த புதன்கிழமை வரச் சொல்கிறாராம். பத்து நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு அசையாமல் படுத்திருக்க வேண்டுமாம். "தை பொறந்ததும் அம்மாவுக்குப் பொரை எடுத்துரணும்னு சொன்னீகளே ஐயா. புதன்கெழமைக்குச் சரின்னு எழுதிப் போட்டுரவா?"

சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். ஆகஸ்டு ஆறாம் தேதி இதே நோட்டில் நான் எழுதியது ஞாபகம் வந்தது. எடுத்துப் புரட்டினேன். முடிவு செய்துவிட்டேன், நாச்சியப்பனிடமும் சொல்லிவிட்டேன் என்று இருக்கிறது. யாருடைய கண்ணோ அவளிடம் சொன்னதாக ஒரு வரி இல்லை. அதே பக்கத்தில், என்னிடம் சொல்லாமல் கிணற்றடியில் பேசினார்கள் என்று அரைப் பக்கத்துக்குப் புலம்பியிருக்கிறேன்.

"அம்மா அடுப்படியில இருக்கா. அவளப் போயிக் கேளு" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்து போனான். நான் கவைக்கம்பை ஊன்றிப் பின்னாலேயே போய் நிலைப்படியில் நின்றேன். அம்மாக்கண்ணு முறத்தில் அரிசியைத் தடவிக்கொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர், புதன்கிழமை, பத்து நாள் கட்டு, எதையும் விடவில்லை.

அவள் கை நின்றது. தலையைத் தூக்கி, எங்கள் இரண்டு பேரும் நிற்கிற திக்கைப் பார்த்தாள். எங்கள் முகம் எவ்வளவு தெரிந்ததோ தெரியவில்லை.

"என்னையவா கேக்குறீக?" என்றாள்.

"ஒங் கண்ணுதானே" என்றேன்.

முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். ஒரு கல்லை எடுத்துத் தூரப் போட்டாள்.

"நாளைக்கிச் சொல்றேன்" என்றாள்.

நாச்சியப்பன் கடிதம் எழுதவில்லை. நாளைவரை காத்திருக்கிறோம்.